உடுப்புக் கொடியில் இலையுதிர்காலம்

மதியம் ஒன்று நாற்பதுக்கு எல்லாம் பிழையாகத் தொடங்கியது. நேரம் சரியாக நினைவிருப்பதற்குக் காரணம், பலெர்மோ நகரத்துக் கால்சாப் பகுதியில் நான் வீட்டுவேலை செய்யும் அம்மாவின், இத்தாலிய வழக்கில் சிஞ்ஞோராவின், சாப்பாட்டு அறையில் ஒரு பெரிய சுவர் மணிக்கூடு இருப்பது. அதற்கு நேர் கீழேதான் மூன்று பேருக்குத் தட்டு வைத்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமைகளில் மகள் பள்ளிக்கூடம் முடிந்ததும் நேரே அங்கே வந்துவிடுவாள். சிஞ்ஞோராவோடு சாப்பிடுவாள், சிஞ்ஞோராவோடு சண்டை பிடிப்பாள், பிறகு என்னோடு வீட்டுக்கு வருவாள். ஒன்றரைக்குப் பிந்தியதே இல்லை. சிஞ்ஞோரா பசி தாங்கமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும்.

அன்று ஷிரோக்கோ அடித்தது. தெற்கே ஆபிரிக்காப் பக்கமிருந்து கடலையும் மலையையும் தாண்டி வரும் சூட்டுக் காற்று. ஐப்பசி பிறந்துவிட்டது, ஆனாலும் வெளியே அடுப்பைத் திறந்து வைத்த மாதிரி இருந்தது. ஜன்னல் பலகைகளைச் சாத்திவிட்டுப் பகலிலேயே விளக்குப் போட்டிருந்தோம்.

மகளின் கைத்தொலைபேசிக்கு எடுத்தேன். இணைப்பில் இல்லை என்று ஒரு பெண்குரல் இத்தாலியத்தில் இனிமையாகச் சொன்னது. திரும்ப எடுத்தேன். அதே குரல். நாலாம் தரமும் எடுத்தபோது சிஞ்ஞோரா கரண்டியைக் கீழே வைத்தார்.

"அந்தப் பொம்பிளையை ஏன் திருப்பித் திருப்பிக் கேக்கிறாய்? அவளுக்கு வேறை ஒண்டும் தெரியாது."

சிஞ்ஞோரா பேசுவது இத்தாலியம்தான். பல வருடப் பழக்கத்தில் அது என் காதுக்குள் எங்கள் பேச்சாகவே விழுகிறது.

"போய்ப் பார்" என்றார் பிறகு, வேறு குரலில். "என்ரை சாப்பாட்டை நான் பாப்பன். போ."

எனக்கு ஒன்று மட்டும் தெரிந்திருந்தது. முதல் நாள் இரவு நாங்கள் இரண்டு பேரும் கோபத்தோடு படுத்தோம். காலையில் அவள் தேநீரைக் குடித்துவிட்டு ஒரு சொல்லும் கதைக்காமல் போனாள். கோபம் ஒரு படத்தைப் பற்றியது.

மகள் ஓவியப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளி நடைபாதைச் சுவருக்கு நான்கு பெரிய படங்கள் வேண்டும், நான்கு பருவங்களுக்கும் ஒவ்வொன்று என்று ஆசிரியை சொல்லியிருந்தார். சீட்டுக் குலுக்கியதில் மகளுக்கு இலையுதிர்காலம் விழுந்தது. தொடக்கத்தில் அவளுக்கு அது மிகவும் சுலபமாகப் பட்டது. ஏனென்றால் சிஞ்ஞோராவின் சாப்பாட்டு அறைக் கூரையின் உட்பக்கத்திலேயே நான்கு பருவங்களும் நான்கு பெண்களாகக் கீறப்பட்டிருக்கின்றன. வசந்தத்துக்குத் தலையெல்லாம் பூ. கோடைக்குக் கையில் கோதுமைக் கட்டு. இலையுதிர்காலம் பருத்த தோள்களோடு திராட்சைக் குலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள், சுற்றிவர மஞ்சள் இலை. குளிர்காலம் மிருகத்தோல் போர்த்தியிருக்கிறாள். ஈரத்தால் கூரை வெடித்து அவளுடைய கன்னத்தில் ஒரு கோடு ஓடுகிறது. சிஞ்ஞோரா அந்த நால்வரையும் சொந்தக்காரரைப் பற்றிக் கதைப்பது போலக் கதைப்பார். "நாலு பேருக்கும் ஒருநாளும் ஒரு சட்டி கழுவின கை இல்லை" என்பார்.

மகள் கம்பளத்தில் மல்லாந்து படுத்து மூன்றாமவளைப் பார்த்துக் கீறினாள். ஒரு புதன்கிழமை பாதியில் நிறுத்திவிட்டு எழும்பினாள்.

"அம்மா, இந்த மஞ்சள் இலை எங்கை இருக்கு?"

எனக்கு விளங்கவில்லை.

"இல்லை, நான் எங்கை பாத்தனான்? பள்ளிக்கூடப் புத்தகத்திலை பாத்தனான். வெளியிலை எங்கை இருக்கு?"

யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான். எங்கோ இரண்டொரு தெருவில் நட்டு வைத்த மரங்கள் இலை கொட்டும். ஆனால் கால்சாவின் பெரிய ஆல இன மரங்கள் கொட்டுவதில்லை. தோடையும் எலுமிச்சையும் கொட்டுவதில்லை. அவளுடைய அப்பா நகரத்துக்கு வெளியே சியாகுல்லியில் மந்தரீன் தோடம்பழத் தோட்டத்தில் வேலை செய்கிறார். அன்றிரவு அவரிடம் கேட்டாள்.

"மஞ்சள் இலையோ?" என்று அவர் சிரித்தார். "எங்கடை தோட்டத்திலை ஒரு இலை மஞ்சளாச்செண்டால் முதலாளி மரத்துக்கு வருத்தம் எண்டு ஓடிவந்து மருந்தடிப்பார்."

பலெர்மோவில் செத்துப் போகும் காலம் கோடைதான். மலையெல்லாம் மண்ணிறமாகிக் காய்ந்து எரியும். ஐப்பசியில் முதல் மழை விழுந்த பிறகுதான் புல் முளைக்கும், மலை பச்சையாகும். எல்லாம் பிறக்கிற காலத்துக்கு இலை விழுகிற காலம் என்று பெயர். மகள் இதைச் சிஞ்ஞோராவிடம் ஒரு குற்றச்சாட்டு மாதிரிச் சொன்னாள். அவர் அண்ணாந்து பார்த்தார். "கீறினவன் வடக்கத்தையான்" என்றார். "வந்தான், எங்கடை வீட்டிலை திண்டான், தன்ரை வீட்டைக் கீறிப்போட்டுப் போட்டான்."

அதற்குப் பிறகு மகள் என்னிடம் வந்தாள். எங்கள் ஊரில் பருவங்களுக்கு என்ன படம் என்று கேட்டாள்.

நான் இலங்கையில், வன்னியில் சில வருடம் படிப்பித்தவள். ஆறாம் வகுப்புக்குப் பெரும்பொழுது ஆறு என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். எழுதி முடித்துத் திரும்பினால் முன்வாங்குப் பிள்ளை ஒன்று கையை உயர்த்தி நின்றது. "ரீச்சர், இளவேனில் எப்ப வாறது? எங்கடை வீட்டுப் பக்கம் ஒருக்காலும் வரேல்லை." வகுப்பே சிரித்தது. பிறகு அவர்கள்தான் எனக்குப் படிப்பித்தார்கள். காற்றுத் திரும்பினால் காலம் திரும்பும், அவ்வளவுதான். தெற்கால் சோளகம், மேற்கால் கச்சான், கிழக்கால் கொண்டல், வடக்கால் வாடை. சோளகம் நின்று மறுபக்கக் காற்று எழும்பினால் மழைக்கு ஆயத்தம். வயலும் கடலும் இரண்டும் அந்தக் கணக்கில்தான் நடந்தன. புத்தகத்தின் ஆறு பருவங்களும் எங்களுக்கே கொஞ்சம் தூரத்துச் சொந்தம்தான்.

இதை நான் ஒரு பகிடியாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, "காத்தை எப்பிடிக் கீறுறது?" என்றாள்.

ஒரு கிழமை கழித்து விடையைக் கொண்டுவந்தாள். உடுப்புக் கொடி.

எங்கள் வீடு நகரத்தின் சீசாப் பகுதியில், மூன்றாம் மாடி. நிமிர்ந்து பார்த்தால் வானத்துக்கும் எங்களுக்கும் நடுவில் உடுப்புகள்தான். மகளின் படத்தில் இலையும் இல்லை, திராட்சையும் இல்லை, பருத்த பெண்ணும் இல்லை. ஒரே கூரை, ஒரே கொடி. இடப்பக்கத்தில் உடுப்பெல்லாம் வடக்கே கடலை நோக்கிப் பறக்கிறது, அது ஷிரோக்கோ. வலப்பக்கத்தில் அதே உடுப்பு மலையை நோக்கிப் பறக்கிறது, அது வடகாற்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு கை அகல வெள்ளை. "அந்த வெள்ளைதான் இலையுதிர்காலம்" என்றாள்.

நான் படத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். ஆண்கள் வீட்டில் இடுப்பில் கட்டும், சிவப்புக் கட்டம் போட்ட சாரம். அதற்குப் பக்கத்தில் பொக்கற் கிழிந்த ஒரு வீட்டுச் சட்டை.

"இது அப்பான்ரை சாரமெல்லோ?"

"ஓம்."

"இது என்ரை சட்டை."

"ஓம் அம்மா. நல்லா வந்திருக்கு, என்ன?"

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. சாரம், உள்பாவாடை, கிழிந்த சட்டை எதுவும் தெருப் பக்கம் காயப்போடுவதில்லை. மொட்டைமாடியில் என்றால் பின்பக்கக் கொடியில், ஒரு படுக்கை விரிப்புக்கு மறைவில். இந்த ஊர்ப் பெண்கள் தங்கள் வீட்டு உள்ளுடுப்பைக் கொடி பிடித்த மாதிரித் தெருவுக்கு மேலே விரிப்பார்கள். அது அவர்கள் ஊர். நாங்கள் அப்படிச் செய்வதில்லை.

"எங்கடை வீட்டுச் சாரத்தைப் பள்ளிக்கூடச் சுவரிலை தொங்கவிடப் போறியோ?"

"காத்துக்கு எல்லாம் ஒண்டுதானே அம்மா."

"காத்துக்கு ஒண்டு. பாக்கிற சனத்துக்கு? ரீச்சர் கேட்டதைக் கீறு. மஞ்சள் இலை கேட்டவ, மஞ்சள் இலையைக் கீறிக் குடு. கூரையிலை இருக்கு, பாத்துக் கீறு. புள்ளியை வாங்கு."

"அது பொய்."

"எல்லாரும் கீறுற பொய்தானே!"

அதோடு அவள் கதையை நிறுத்தினாள். அவளுடைய அப்பா சோற்றுக் கோப்பையோடு எழும்பிக் குசினிக்குள் போனார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அவர் எப்போதும் குசினிக்குள்தான் போவார்.

இப்போது அந்தப் படம் பள்ளி நடைபாதையில் தொங்குகிறது. பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது நான் இன்னமும் மற்றப் படிக்கட்டால்தான் ஏறுகிறேன். ஆனால் அந்தப் புதன்கிழமை எனக்குப் படமும் தேவைப்படவில்லை, புள்ளியும் தேவைப்படவில்லை.

கால்சாவிலிருந்து பள்ளிக்கூடம் நடக்கும் தூரம். அன்று ஓடினேன். தூசியில் கண் எரிந்தது. வாசலில் காவலிருந்தவர் கதிரையில் அமர்ந்து கடதாசியால் விசிறிக்கொண்டிருந்தார்.

"மூன்றாம் ஆண்டோ? அதுகள் பன்னிரண்டுக்கு முதலே போட்டுதுகள், சிஞ்ஞோரா. ஆசிரியைக்குச் சுகமில்லை. நேற்றே அறிவிச்சது."

நேற்று அறிவித்திருக்கிறார்கள். நேற்றுத்தான் நாங்கள் கதைக்காமல் படுத்தோம்.

கணவருக்கு எடுத்தேன். வன்னியிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு வசனம் வாயில் வராது. 'பிள்ளையைக் காணேல்லை' என்பதை நாங்கள் எத்தனையோ தாய்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். சிலர் போரில் தொலைந்த பிள்ளையின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருவோரத்தில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் நான், "பிள்ளை இன்னும் வரேல்லை" என்று மட்டும் சொன்னேன்.

அவர் பக்கத்தில் ஆரிடமோ தான் போகிறேன் என்று இத்தாலியத்தில் சொல்வது கேட்டது. பிறகு, "நீர் வீட்டை போம். நான் வெளிக்கிட்டன்" என்றார்.

"கெஸ்தூராவுக்குப் போகவேணுமோ?"

கெஸ்தூரா என்ற அந்தப் பொலிஸ் அலுவலகத்துக்கு நாங்கள் விசா அட்டை புதுப்பிக்கத்தான் போவோம். அந்த வரிசையில், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கூப்பிடும் வரை, கடதாசிகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டு நிற்பேன்.

"முதல் வீட்டைப் பாரும். அங்கை இல்லையெண்டால் சேர்ந்து போவம்."

பேருந்தில் நின்றுகொண்டே வந்தேன். ஒவ்வொரு தரிப்பிலும் அவளுடைய வயதுப் பிள்ளைகள் ஏறி இறங்கினார்கள். எல்லோருக்கும் அவளுடைய பை இருந்தது, அவளுடைய தலைமயிர் இருந்தது. கைத்தொலைபேசியில் பட்டரி முடியும் தறுவாயில் சிவப்பு வந்துவிட்டது. அது அணைந்தால் அவள் எடுத்தாலும் கிடைக்காதே என்று அதைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டேன். பொத்தினால் பட்டரி மிஞ்சும் என்பது மாதிரி.

எங்கள் தெருவுக்குள் திரும்பினேன். எல்லாப் பலகை ஜன்னல்களும் சாத்தியிருந்தன. தலையை நிமிர்த்தினேன். எங்கள் கட்டடத்தின் உச்சியில், தெருப் பக்கக் கொடியில், என் கணவரின் சிவப்புக் கட்டச் சாரம் ஒன்று முழு நீளத்துக்கு விரிந்து பறந்துகொண்டிருந்தது.

பிள்ளையைத் தேடி ஓடிவந்தவள் அதைக் கண்டதும் என்ன நினைத்திருக்க வேண்டும்? நான் நினைத்தது இதுதான்: 'ஐயோ, இதை ஆர் இந்தப் பக்கம் போட்டது?' கன்னம் சுட்டது. எதிர்வீட்டில் ஆரும் பார்க்கிறார்களா என்றுகூடத் திரும்பிப் பார்த்தேன். உள்ளே ஒரு பக்கம் நெஞ்சு வெடித்துக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் சாரத்துக்கு வெட்கப்பட்டது. இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டைத் திறந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. கட்டிலில் அவளுடைய பள்ளிப் பை கிடந்தது. வந்திருக்கிறாள். வந்துவிட்டு எங்கே போனாள்? குளியலறை, குசினி, பின்பக்க மாடம் எல்லாம் பார்த்தேன். கைத்தொலைபேசியைக் குசினியில் சார்ஜில் போட்டேன். அவர் வந்து சேரும் வரை கைகளுக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. அந்தச் சாரத்தையாவது எடுத்துக்கொண்டு வருவோம் என்று மேலே ஏறினேன். இதைச் சொல்ல எனக்கு இப்போதும் கூச்சம்தான். பிள்ளையைத் தேடி நான் மேலே ஏறவில்லை. சாரத்தை எடுக்கத்தான் ஏறினேன்.

மொட்டைமாடி இரும்புக் கதவைத் தள்ளியதும் சூடு முகத்தில் அறைந்தது. தண்ணீர்த் தாங்கியின் நிழலில், மடியில் படப் பலகையோடு, கரி அப்பிய முகத்தோடு, மகள் இருந்தாள். உதடு வெடித்திருந்தது. என்னைக் கண்டதும் துள்ளி எழும்பினாள்.

"கதவு! அம்மா, கதவு! அஸ்பெத்தா, அஸ்பெத்தா!"

பொறுங்கோ என்பதை அவள் எப்போதும் இத்தாலியத்தில்தான் கத்துவாள். நான் பொறுக்கவில்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினேன். பின்னால் இரும்புக் கதவு அடித்துச் சாத்தியது. அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் கைபிடி இல்லை. ஏறுகிறவர்கள் ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வரவேண்டும். கட்டடம் முழுக்க அது தெரியும். எனக்கும் தெரியும்.

அவளுடைய தலை, தோள், கை, முழங்கை என்று தடவிப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. திட்டுவதற்கு வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது.

"எப்ப துவக்கம் இஞ்சை நிக்கிறாய்?"

"பன்னிரண்டு மணியிலையிருந்து. இண்டைக்குக் காத்து மாறும் எண்டு செய்தியிலை சொன்னவங்கள். மாறேக்கை பாக்கவேணும் எண்டு சாரத்தையும் உங்கடை சட்டையையும் இந்தப் பக்கக் கொடியிலை போட்டனான்."

"போன்?"

"கொடியை வீடியோ எடுத்தனான், சார்ஜ் முடிஞ்சுது."

"கத்தியிருக்கலாமே பிள்ளை!"

"கத்தினனான் அம்மா. எல்லாரும் ஜன்னலைச் சாத்திப்போட்டு நித்திரை. சாரத்தைக் கழட்டிக் கழட்டி ஆட்டினன். மோட்டச்சைக்கிளிலை போன ஒராள் திருப்பிக் கை காட்டிட்டுப் போனார்."

"கல்லு வைக்கேல்லையோ?"

"வைச்சனான். காத்துக் கல்லோடை சேத்துத் தள்ளிப்போட்டுது." என்னைப் பார்த்தாள். "நீங்கள் வைச்சனீங்களோ?"

நான் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"சரி, உங்கடை போனைத் தாங்கோ. அப்பாவுக்கு எடுப்பம்."

"குசினியிலை. சார்ஜிலை."

 முதலில் சிரித்தது அவள்தான். நான் அழுதுகொண்டே சிரித்தேன். ஆனால் கீழே குசினியில் போன் அடித்துக்கொண்டிருக்கும், அவர் வழியில் எங்கேயோ நின்று எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார், நானும் இல்லாமல் போனேன் என்று நினைப்பார். அது தோன்றியதும் சிரிப்பு நின்றது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நானும் கத்தினேன். தெருவில் ஒரு பூனை மட்டும் நிமிர்ந்து பார்த்தது. கதவை உதைத்தேன். கால்தான் நொந்தது.

"அம்மா" என்றாள் அவள் பின்னாலிருந்து. "நிண்டிட்டுது."

காற்று நின்றிருந்தது. எங்கள் கூரையில், பக்கத்துக் கூரையில், சீசா முழுக்க, எல்லாக் கொடிகளிலும் உடுப்புகள் நேரே கீழே தொங்கின. சாரமும் பக்கத்தில் என் கிழிந்த சட்டையும் தொங்கின. அவள் படத்தின் நடுவில் விட்டிருந்த கை அகல வெள்ளையை நான் அப்போதுதான் கண்ணெதிரே கண்டேன். அவள் பலகையை எடுத்தாள். தாளின் மூலைகளைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன்.

முதலில் தூரத்தில், துறைமுகப் பக்கக் கூரைகளில், விரிப்புகள் அசைந்தன. பிறகு அடுத்த கூரை, அதற்கடுத்த கூரை. ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக்கொடுத்து வருவது மாதிரி அது எங்களை நோக்கி வந்தது. குளிர்ந்த, உப்பு மணக்கிற காற்று. மதியம் முழுக்கக் கடல்பக்கம் பறந்த சாரம் ஒருமுறை சுருண்டு, திரும்பி, மலைப்பக்கம் விரிந்தது. என் வியர்வை எல்லாம் ஒரே மூச்சில் காய்ந்தது.

"இதுக்கு உங்கடை ஊரிலை என்ன பேர் அம்மா?"

"வாடை."

"வாடை" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். கரி பிடித்த கை நிற்கவில்லை. வேகமாக, தாளைப் பார்க்காமலே, கொடியை மட்டும் பார்த்துக் கீறினாள். என் மகள் எதையாவது இவ்வளவு கவனமாகப் பார்த்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. என் கண் தாளில் இருந்தது. சட்டையின் கிழிந்த பொக்கற்றைக்கூட அவள் விடவில்லை. அது காற்றில் வாய் திறந்து நின்றது, நான் கத்தியது போல.

முதல் துளி தாளில் விழுந்தது. செம்மண் நிறத் துளி. ஷிரோக்கோ கொண்டுவந்து மேலே வைத்திருந்த தூசியெல்லாம் இனி மழையோடு இறங்கும். படத்தைத் தன் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு அவள் என்னோடு ஒட்டி நின்றாள். என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரியவில்லை. அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கதவு திறந்தது.

நாலாம் மாடியில் தனியே இருக்கும் பெண்மணி. வீட்டுச் செருப்பும் ஏப்ரனும் இடுப்பில் வெறும் கூடையுமாக வந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில், "கதவு!" என்று கத்தினோம். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் காலால் கல்லைத் தள்ளி முட்டுக் கொடுத்தார். மகள் அவரைத் தாண்டி அப்பாவுக்குப் போன் எடுக்கப் படிகளில் பாய்ந்து இறங்கினாள்.  நடந்தது எதுவும் அந்தப் பெண்மணிக்குத் தெரியாது. அவர் நேரே தன் கொடிக்குப் போய், பறந்துகொண்டிருந்த பெரிய விரிப்பின் கவ்விகளைக் கழற்றி, ஒரு நுனியை என் பக்கம் நீட்டினார்.

"கோடை முடிஞ்சுது" என்றார். "சேத்து மழை வரப்போகுது. என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய், வந்து பிடி."